உலாவிக்குள் ஒரு பரிசோதனைச் சாலை

வலைப்பக்கங்களைச் சிருஷ்டிக்கும் தொழிலில் இருப்பவர்கள் இன்று பெரும்பாலான உலாவிகளைத் திறந்து எஃப்12 என்ற விசையைத் தட்டினால், எதிரே நிற்கும் பக்கத்தின் உட்கூறுகள் யாவும் திரையின் ஒரு பகுதியில் விரிந்து நிற்பதையும், எந்த வண்ணம் எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது, எந்தப் படம் எத்தனை மில்லி செகண்டில் இறங்கியது, எந்த நிரல் எந்த இடத்தில் இடறி விழுந்தது என்பனவெல்லாம் கேட்ட மாத்திரத்தில் விடையாகக் கிடைப்பதையும் காண்கிறார்கள். இந்த வசதி உலாவியோடு கூடவே பிறந்தது என்றே இளைஞர்கள் எண்ணுவார்கள். உண்மையில் வலையின் முதல் பதினைந்து ஆண்டுகளில் இப்படி முழுமையான ஓர் உபகரணம் எந்த உலாவிக்குள்ளும் இருக்கவில்லை. அதற்கு உருவம் கொடுத்ததும் உலாவி செய்த பெரிய ஸ்தாபனம் எதுவும் அன்று. வெளியே நின்ற ஒரு மனிதர் தம் தேவைக்காகச் செய்துகொண்டதைப் பின்னால் ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றாகத் தமதாக்கிக்கொண்டன என்பதும், அப்படி ஆக்கிக்கொள்ளும்போது ஒவ்வொன்றும் தன்னுடைய பிரத்தியேகமான கவலையை அந்த உபகரணத்தின் அமைப்பில் பதித்துவிட்டது என்பதும்தான் இந்தச் சரித்திரத்தில் எனக்குப் புலப்படும் சாரம்.

பூர்வகதை ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்குகிறது. 1990-ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் உலாவி, படிப்பதற்கு மட்டுமன்றித் திருத்துவதற்கும் உரிய சாதனமாகவே அமைந்திருந்தது. கோணக் குறிகளுக்கிடையே அடைபட்ட எச்.டி.எம்.எல். குறிமொழியை மனிதர்கள் கையாலேயே எழுதப்போகிறார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. மையத்தில் மார்க் ஆண்ட்ரீஸனும் எரிக் பீனாவும் உருவாக்கிய மொசைக் உலாவியோ படிக்கும் வசதியையே பிரதானமாகக் கொண்டது. எனினும், பக்கத்தின் மூலத்தை அப்படியே எடுத்துக்காட்டும் ஒரு சிறு கட்டளையை மெனுவின் ஓரத்தில் வைத்திருந்தது. புடவையைப் புரட்டிப் பின்புறத்து நூலோட்டத்தைப் பார்த்தே நெசவைக் கற்றுக்கொள்ளும் சிறுவனைப் போல, ஒரு தலைமுறை முழுவதும் அந்தக் கட்டளையின் வழியாகத்தான் வலைப்பக்கக் கலையைப் பயின்றது. ஆசிரியரும் பாடநூலும் அகப்படாத ஊர்களில்கூட, பிறர் செய்த பக்கத்தைத் திறந்து, நகலெடுத்து, பெயரையும் படத்தையும் மாற்றி, என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்தே பலர் தேர்ந்தார்கள்.

மூலத்தைப் பார்ப்பது யாவருக்கும் உரியது என்ற இந்த வழக்கம் எவ்வளவு தூரம் வேரூன்றிவிட்டது என்பதற்கு அமெரிக்காவின் மிஸௌரி மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு விவகாரம் சாட்சி. 2021 அக்டோபரில், மாநிலக் கல்வி இலாகாவின் வலைப்பக்க மூலத்திலேயே ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் கிடப்பதைக் கண்டுபிடித்து, அதை அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அறிவித்து, குறை நீங்கிய பிறகே செய்தி வெளியிட்ட செயின்ட் லூயிஸ் நகரப் பத்திரிகை நிருபர் ஒருவரை, மாநில கவர்னர் மைக் பார்சன் கணினிக் கொள்ளைக்காரர் என்று வருணித்து வழக்குத் தொடரப்போவதாக மிரட்டினார். நாடெங்கும் நிரலாளர்கள் நகைத்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்துவிட்டார்.

நம் மொழிக்கும் இந்த மூலப் பார்வையோடு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. யூனிகோடு நிலைபெறுவதற்கு முன்பு, தஸ்கி, டாப், டாம் என்ற பலவிதக் குறியேற்றங்களில் தமிழ்ப் பக்கங்கள் வெளிவந்த நாட்களில், அவற்றின் மூலத்தைத் திறந்தவர் கண்டதெல்லாம் தலைக்குமேல் புள்ளியும் கோடும் சுமந்த லத்தீன் எழுத்துக்களின் கூட்டம்தான். உரிய எழுத்துருவை நிறுவிய பின்புதான் அந்தக் கூட்டம் திரையில் தமிழாக மாறும். எழுத்து சிதைந்து தெரிந்தால் குற்றம் எழுத்துருவிலா, குறியேற்றத்திலா, உலாவியிலா என்று தீர்மானிக்க அன்று மூலத்தைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை. இன்றைய குரோம் உலாவி, ஓர் எழுத்துக் கோவையைச் சுட்டினால், அது உண்மையில் எந்த எழுத்துருவினால் தீட்டப்பட்டது என்பதைப் பெயரோடு சொல்லிவிடுகிறது. அந்த ஒரு வரி அன்று கிடைத்திருந்தால் எத்தனையோ மாலைப் பொழுதுகள் மிச்சமாகியிருக்கும்.

மூலத்தைப் பார்த்தல் போதாமற்போன நாள் 1995-இல் வந்தது. நெட்ஸ்கேப் ஸ்தாபனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் முதல் வடிவத்தை ஆக்கி முடித்த ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழி, அதுவரை அசையாப் பொருளாக இருந்த பக்கத்தை இறங்கிய பின்னும் மாறக்கூடிய ஒன்றாக ஆக்கிவிட்டது. சேவையகத்திலிருந்து வந்த மூலம் ஒன்று. உலாவி தன் நினைவகத்தில் கட்டி எழுப்பி, நிரலின் கைக்குக் கொடுத்து, கணந்தோறும் மாற்றிக்கொண்டிருக்கும் மரவடிவமான அமைப்பு மற்றொன்று. பழைய கட்டளை முதலாவதைத்தான் காட்டும். பிழைகள் குடியிருந்ததோ இரண்டாவதில்.

அந்த நாட்களில் நிரலாளர்கள் கைக்கொண்ட யுக்தி ஒன்றே ஒன்று: அலர்ட் என்ற கட்டளை. நிரல் இந்த இடம் வரை வந்ததா, இந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், ஆங்காங்கே அந்தக் கட்டளையைச் செருகிவைத்து, திரையின் நடுவே தோன்றும் சிறு பெட்டியைப் படித்துவிட்டு ஓகே பொத்தானை அழுத்த வேண்டும். ஆயிரம் முறை சுழலும் சுழற்சிக்குள் அறியாமல் அதை வைத்துவிட்டால் ஆயிரம் முறை அழுத்த வேண்டியதுதான், அல்லது உலாவியையே கொன்றுவிட வேண்டியதுதான். மேலும், பெட்டி திறந்திருக்கும் வரையில் நிரல் முழுவதும் நின்றுவிடுவதால், காலத்தைப் பொறுத்த பிழைகள் பெட்டியை வைத்ததும் மறைந்து, எடுத்ததும் மீண்டும் தோன்றும்.

உதவி அறவே இல்லை என்று சொல்வதும் நியாயமாகாது. நெட்ஸ்கேப் 4 உலாவியின் முகவரிப் பட்டையில் ஜாவாஸ்கிரிப்ட் என்று எழுதி முக்காற்புள்ளி இட்டால் பிழைச் செய்திகளின் பட்டியல் ஒரு ஜன்னலில் திறக்கும். மைக்ரோஸாஃப்ட் தன் பங்குக்கு ஸ்கிரிப்ட் டீபக்கர் என்ற தனி மென்பொருளை வெளியிட்டது. அது நிறுவப்பட்ட கணினிகளில் எந்தப் பக்கத்தில் எந்தப் பிழை நேர்ந்தாலும், பிழை நீக்க விருப்பமா என்ற கேள்வி எழுந்து, நிரலெழுதுவதோடு சம்பந்தமே இல்லாத காரியாலய ஊழியர்களையும் திகைக்க வைத்தது. நெட்ஸ்கேப்பின் மூலநிரல் 1998 மார்ச்சில் பொதுவில் விடப்பட்டு மொஸில்லா என்ற இயக்கம் தோன்றிய பிறகு, ராபர்ட் ஜிண்டா எழுதிய வெங்க்மன் என்ற டீபக்கரும், ஜோ ஹியூவிட் எழுதிய டாம் இன்ஸ்பெக்டரும் வெளிவந்தன. முன்னது நிரலை நடுவழியில் நிறுத்தி ஆராயும். பின்னது மேற்சொன்ன மரவடிவத்தைத் தனி ஜன்னலில் கிளை கிளையாக விரித்துக் காட்டி, தேர்ந்தெடுத்த உறுப்பைச் சுற்றிச் சிவப்புக் கோட்டை மின்னவைக்கும். இரண்டும் திறமை வாய்ந்தவைதாம். ஆனால் உலாவியைக் கட்டுபவர்கள் உலாவியைக் கட்டுபவர்களுக்காகச் செய்த கருவிகள் என்ற வாசனை அவற்றில் வீசியது. சாதாரணப் பக்க ஆசிரியர் அவற்றைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் அலர்ட்டுக்கே திரும்பினார்.

நிலைமையை மாற்றியது புதுவிதப் பக்கங்களின் வருகை. 2004 ஏப்ரலில் வெளிவந்த ஜிமெயிலும், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்த கூகிள் வரைபடமும், பக்கத்தை மீண்டும் இறக்காமலே பின்னணியில் சேவையகத்தோடு பேசிக்கொண்டிருக்கும் முறையை உலகுக்குப் பிரத்தியட்சமாகக் காட்டின. ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற வடிவமைப்பாளர் அதே மாதம் அதற்கு அஜாக்ஸ் என்று பெயரிட்டவுடன், எல்லா முதலாளிகளும் தங்களுக்கும் அது வேண்டுமென்றார்கள். முன்பு ஒரு பக்கத்தில் இருபது வரி நிரல் இருந்த இடத்தில் பல்லாயிரம் வரிகள் குவிந்தன. கண்ணுக்குத் தெரியாமல் போய்வரும் கோரிக்கைகளில் எது தவறியது என்று அறிய வழியே இருக்கவில்லை.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான், 2006 ஜனவரியில், ஜோ ஹியூவிட் மறுபடியும் அரங்கத்துக்கு வருகிறார். நெட்ஸ்கேப்பில் பணிசெய்து, மொஸில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி கருக்கொண்ட சிறு குழுவிலும் ஒருவராயிருந்து, அப்போது வெளியேறிவிட்டிருந்த அவர், தாமே வலைப்பக்க நிரல் எழுதும் நிலையில் இருந்தபோது, ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு நீட்சியாக ஃபயர்பக் என்பதை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் 1.0 பதிப்பு வந்தது. பழைய டாம் இன்ஸ்பெக்டரை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, உலாவியின் உள்ளே அமர்ந்து உலகைப் பார்த்தவர் எழுந்து வெளியே வந்து எதிர்நாற்காலியில் அமர்ந்துவிட்டார் என்பது விளங்கிவிடும்.

முதல் விசேஷம் இடத்தைப் பற்றியது. தனி ஜன்னலைத் தேடிப் போக வேண்டியதில்லை. பக்கத்தின் அடியிலேயே, பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யும்படி, கருவி வந்து அமர்ந்தது. சுட்டியை நகர்த்தினால் கீழே உள்ள உறுப்பைச் சுற்றிக் கோடு ஒன்று தொடர்ந்து வரும். அழுத்தினால் அந்த உறுப்பு மரத்தில் எங்கே இருக்கிறது என்பது திறந்துகொள்ளும். இடப்பக்கம் மரம், வலப்பக்கம் அந்த உறுப்பின் தோற்றத்தை ஆளும் சி.எஸ்.எஸ். விதிகள், ஒவ்வொரு விதிக்கும் எதிரே கோப்பின் பெயரும் வரி எண்ணும்.

அந்த விதிகளைக் காட்டிய விதத்தில்தான் ஃபயர்பக்கின் மேதைமை இருந்தது என்பது என் அபிப்பிராயம். சி.எஸ்.எஸ். என்பது ஒன்றை ஒன்று மீறும் விதிகளின் கூட்டம். பத்து விதிகள் ஒரே உறுப்புக்கு வண்ணம் சொன்னால், எது வலிமையுடையது என்று உலாவி ஒரு நியதிப்படி தீர்ப்பளிக்கிறது. தீர்ப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியும், வாதங்கள் தெரியா. ஃபயர்பக் தோற்றுப்போன விதிகளையும் மறைக்காமல் காட்டி, அவற்றின் குறுக்கே ஒரு கோடு இழுத்தது. இந்தச் சிறு கோட்டினால், மனப்பாடமாக அறிய வேண்டியிருந்த வலிமைக் கணக்கு கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளும் விஷயமாயிற்று. மதிப்பின்மேல் அழுத்தி அங்கேயே புதிய எண்ணைத் தட்டலாம். பக்கம் அந்த நொடியே மாறும். உறுப்பின் உள்ளிடைவெளி, எல்லைக்கோடு, வெளியிடைவெளி ஆகியவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டிகளாக வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் அளவைப் பொறித்துக் காட்டிய படமும் அங்கே இருந்தது. இன்று எந்த உலாவியின் கருவியைத் திறந்தாலும் அந்தப் பெட்டிப் படத்தையும், அந்தக் குறுக்குக் கோட்டையும் காணலாம்.

இவற்றோடு, நிரலை வரி வரியாக நிறுத்தும் பகுதியும், கோப்புகள் வந்து சேர்ந்த நேரத்தைப் படிப்படியாக இறங்கும் வண்ணப் பட்டைகளாகக் காட்டும் நெட் பகுதியும், பின்னணியில் செல்லும் அஜாக்ஸ் கோரிக்கைகளை அப்போதைக்கப்போது எழுதிவைக்கும் கன்சோலும் சேர்ந்தன. அலர்ட்டுக்குப் பதிலாக, நிரலை நிறுத்தாமல் செய்தியை எழுதும் கன்சோல் கட்டளைகளை நிரலாளர்களின் அன்றாடப் பழக்கமாக ஆக்கியதும் ஃபயர்பக்தான். அது தன்னளவில் நில்லாமல் பிறருக்குப் பீடமாகவும் ஆயிற்று: 2007-இல் யாஹூ ஸ்தாபனத்தின் ஸ்டீவ் சௌடர்ஸ், பக்கங்கள் ஏன் மெதுவாக இறங்குகின்றன என்பதை விதிகளின்படி சோதித்து மதிப்பெண் வழங்கும் ஒய்ஸ்லோ என்ற கருவியை அதன்மேல்தான் கட்டினார்.

குறைகளும் இருந்தன. நீட்சியாக இருந்ததனால் உலாவியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஃபயர்பக் அதன் பின்னால் ஓட வேண்டியிருந்தது. அது திறந்திருந்தால் உலாவி திணறியது. ஜிமெயில் தன் பக்கத்தின் தலைப்பிலேயே, ஃபயர்பக் இருந்தால் வேகம் குறையும் என்று எச்சரித்த காலம் உண்டு. 2007 ஜூலையில் ஹியூவிட்டும் பிளேக் ராஸும் நடத்திவந்த பாராக்கி என்ற சிறு நிறுவனத்தை ஃபேஸ்புக் வாங்கிவிட்ட பிறகு, ஐ.பி.எம்.மின் ஜான் பார்ட்டனும் செக் நாட்டவரான யான் ஓட்வார்க்கோவும் மற்றும் பல தொண்டர்களும் அதைத் தோளில் சுமந்தார்கள்.

மற்ற வீடுகளில் இதே காலத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபயர்பக் வெளிவந்த அதே மாதத்தில், ஆப்பிளின் சஃபாரி உலாவியின் இயந்திரமான வெப்கிட்டில் ஒரு வெப் இன்ஸ்பெக்டர் அறிமுகமாயிற்று; நிரலை ஆராய்வதற்குத் தனியாக, பூச்சி தின்னும் செடியின் பெயரைத் தாங்கிய ட்ரோசெரா என்ற மென்பொருளும் அவ்வாண்டே வந்தது. 2007-இல் அந்த இன்ஸ்பெக்டரை எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றாலேயே மீண்டும் எழுதினார்கள். இதன் பயன் பெரிது. கருவியே ஒரு வலைப்பக்கமாகிவிட்டதனால், வலைப்பக்கம் எழுதத் தெரிந்த எவரும் அதைத் திருத்தலாம். கருவியைக் கொண்டே கருவியை ஆராயலாம்.

மைக்ரோஸாஃப்ட்டின் கதை வேறு. 2005-இல் தனியே இறக்கி நிறுவிக்கொள்ளும் கருவிப்பட்டை ஒன்றைத் தந்த அந்த ஸ்தாபனம், 2009 மார்ச்சில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-இல் கருவியை உள்ளேயே வைத்து, எஃப்12 விசையையும் அதற்கு ஒதுக்கியது. அதில் மற்றெங்கும் இல்லாத ஒரு பகுதி உண்டு: பக்கத்தை எக்ஸ்ப்ளோரர் 7 போலவோ 8 போலவோ நடந்துகொள்ளும்படி மாற்றும் பொத்தான். தன் பழைய பதிப்புகள் விட்டுச்சென்ற கடனே மைக்ரோஸாஃப்ட்டின் பெருங்கவலையாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் மரத்தின் கிளைகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளா. நாமே பொத்தானை அழுத்திப் புதுப்பிக்க வேண்டும். அதைவிட விபரீதம் ஒன்று: கருவி திறக்கப்படாத வரையில் கன்சோல் என்ற பொருளே அந்த உலாவியில் இருக்காது. ஆகவே மறதியாக ஒரு கன்சோல் வரியை விட்டுவைத்த பக்கம் பயனர் வீட்டில் உடைந்து நிற்கும். காரணம் கண்டறிய நிரலாளர் கருவியைத் திறந்த உடனே ஒழுங்காக ஓடும். நோயாளி வைத்தியரைக் கண்டதும் எழுந்து நடந்துவிட்டால் வைத்தியர் என்ன செய்வார்?

நார்வே நாட்டு ஆபெராவும் 2008-இல் டிராகன்ஃப்ளை என்ற கருவியை வெளியிட்டு, கைபேசியில் ஓடும் பக்கத்தை மேசைக் கணினியிலிருந்தே ஆராயும் வழியை மற்றவர்களுக்கு முன்பே காட்டியது. 2013-இல் ஆபெரா தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டபோது அதுவும் உடன் மறைந்தது.

2008 செப்டம்பரில் கூகிள் குரோம் வந்தது. அது வெப்கிட்டின்மேல் எழுந்ததாகையால் அதன் இன்ஸ்பெக்டரையும் பிறப்புரிமையாகப் பெற்றிருந்தது. பெற்றதை வளர்த்த வேகத்தில்தான் கூகிளின் சுபாவம் வெளிப்பட்டது. கூகிள் தன் சேவைகள் பலவற்றை உலாவிக்குள் ஓடும் பெரிய மென்பொருள்களின்மேல் கட்டியிருந்தது. அவற்றின் வேகமே அதன் கவலை. ஆகவே குரோமின் கருவியில் மிகவும் ஆழமாக உழப்பட்ட நிலம், செயல்வேகத்தை அளக்கும் பகுதி. திரை ஒரு நொடிக்கு அறுபது முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமானால், நிரல் ஓடுதல், விதிகளைக் கணக்கிடுதல், உறுப்புகளை இடத்தில் அமர்த்துதல், வண்ணம் தீட்டுதல் ஆகிய யாவும் ஏறக்குறைய 16 மில்லி செகண்டுக்குள் முடிந்தாக வேண்டும். முடியவில்லை என்றால் எந்தச் செயல் எந்தச் செயலை அழைத்து எவ்வளவு நேரத்தை விழுங்கியது என்பதை அடுக்கடுக்கான பட்டைகளாக அது வரைந்து காட்டும். நினைவகத்தில் விடுபடாமல் தேங்கும் பொருள்களை இரண்டு சமயங்களில் படமெடுத்து ஒப்பிட்டுக் காட்டுவதும் அதன் சிறப்பு. 2017-இல் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவியும் உள்ளே சேர்க்கப்பட்டு, மதிப்பெண் போடும் பழைய யாஹூ வழக்கம் உலாவியின் அங்கமாகிவிட்டது.

இன்னொரு காரியத்தையும் குரோம் செய்தது. பின்விளைவில் அதுவே மிகப் பெரிதென்று நினைக்கிறேன். கருவியும் உலாவியும் தனித்தனியே நின்று, ஒரு வகுக்கப்பட்ட செய்தி நெறியின்படி பேசிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே இருந்தது. அந்த நெறியைப் பகிரங்கப்படுத்திய பின், மனிதன் கருவியைத் திறந்து செய்யும் எல்லாவற்றையும் வேறொரு நிரலே செய்யலாம் என்றாயிற்று; பக்கங்களைத் தானாகத் திறந்து, பொத்தான்களை அழுத்திச் சோதிக்கும் பப்பட்டியர் போன்றவை அந்த வாசல் வழியாக வந்தவையே. ஆனால் குரோமின் கருவியைப் புதிதாகத் திறக்கும் மாணவர் திகைத்துப்போவார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பகுதிகளுக்குள் பகுதிகள், எங்கேயோ ஓர் உபமெனுவில் ஒளிந்திருக்கும் அரிய வசதிகள், பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும் பொத்தான்கள்.

ஃபயர்பக்கின் சொந்த வீடான மொஸில்லாவில் ஒரு சங்கடம் நேர்ந்தது. உலகின் மிகச் சிறந்த கருவி தன் உலாவிக்கு நீட்சியாகக் கிடைத்துக்கொண்டிருந்ததால், உள்ளே ஒன்றைக் கட்ட வேண்டிய அவசரம் அதற்கு நெடுநாள் ஏற்படவில்லை. ஏற்பட்டபோது குரோம் வெகுதூரம் போயிருந்தது. 2011 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 4-இல் கன்சோலும், அடுத்த ஜனவரியில் பக்க இன்ஸ்பெக்டரும், அவ்வாண்டு ஆகஸ்டில் டீபக்கரும் என்று பகுதி பகுதியாகப் புதிய கருவி எழுந்தது. இடையில், பக்கத்தின் உறுப்புகளை முப்பரிமாணக் கட்டடமாக எழுப்பிக் காட்டும் ஒரு காட்சியையும் சேர்த்தார்கள். காண வந்தவர்கள் வியந்தார்கள், வேலைக்குப் பயன்படுத்தியவர்கள் சிலரே, சில ஆண்டுகளில் அது நீக்கப்பட்டது. ஃபயர்பக்கோ உலாவியின் பழைய நீட்சி முறையையே உயிராகக் கொண்டிருந்தது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 அந்த முறையைக் கைவிடவிருந்த நிலையில், அதற்கு முந்திய மாதமே ஃபயர்பக் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் மொஸில்லா தனக்கென ஒரு துறையைக் கண்டுகொண்டது. 2017 மார்ச்சில் சி.எஸ்.எஸ். கிரிட் என்ற புதிய அமைப்பு முறை உலாவிகளில் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து வந்தபோது, அதன் கண்ணுக்குத் தெரியாத கட்டக் கோடுகளைப் பக்கத்தின்மேல் வரைந்து காட்டும் இன்ஸ்பெக்டரையும் கூடவே தந்தது ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றே. குரோம் அதற்கு ஈடான வசதியைத் தர 2020 வரை ஆயிற்று. ஒரு விதி எழுதப்பட்டிருந்தும் பலன் தரவில்லை என்றால், இந்த உறுப்பு இன்ன வகையைச் சேர்ந்ததாகையால் இந்த விதி இதற்குப் பொருந்தாது என்று காரணம் சொல்லும் வசதியையும் ஃபயர்ஃபாக்ஸே 2019-இல் சேர்த்தது. பழைய ஃபயர்பக்கின் குறுக்குக் கோட்டுக்கு நேர் வாரிசு இதுவே. பயில்பவருக்கு ஃபயர்ஃபாக்ஸையே நான் சிபாரிசு செய்வேன். 2020 ஆகஸ்டில் ஏறக்குறைய 250 பேரை வேலையிலிருந்து நீக்கிய மொஸில்லா, இந்தக் கருவிகளுக்குச் செலவிடுவதையும் குறைத்துக்கொள்வதாக அறிவித்தது வருந்தத்தக்கது.

சஃபாரியில் டெவலப் மெனு ஆரம்ப அமைப்பில் மறைந்தே இருக்கும். அமைப்புகளின் உட்பகுதியில் சென்று அதை வெளிக்கொணர வேண்டும். சாமானியரின் கண்ணில் யந்திரம் படக்கூடாது என்ற ஆப்பிள் சம்பிரதாயத்துக்கு இது பொருந்தியதே. ஆனால் ஐபோனில் ஓடும் பக்கத்தைக் கேபிள் வழியாக ஆராய 2012 முதல் அதுவே பிரதான வழியாயிருப்பதால், மாக் கணினி இல்லாதவர் ஐபோனில் மட்டும் தோன்றும் பிழையின் முன் ஏறக்குறையக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. விலை மிகுந்த அந்தக் கணினியை வாங்க இயலாத சிறு ஊர் நிரலாளருக்கு இது சிறிய இடையூறு அன்று. மைக்ரோஸாஃப்ட்டின் எட்ஜ் உலாவியோ 2020 ஜனவரியில் குரோமின் அடிப்படையான குரோமியத்துக்கு மாறியதால், எஃப்12 பரம்பரையின் நேர் வம்சம் அத்தோடு நின்றுவிட்டது. விசை மட்டும் எஞ்சியிருக்கிறது. குரோமும் எட்ஜும் ஒரு மரத்தின் கிளைகள்; சஃபாரியும் 2013-இல் கூகிள் பிரிந்துபோகும் வரையில் அதே வேரில் நின்றதுதான். நான்கு பெயர்களுக்குப் பின்னே இன்று இருப்பவை உண்மையில் மூன்று வம்சங்கள், அவற்றிலும் இரண்டு பங்காளிகள்.

எல்லா உலாவியிலும் கருவி உள்ளேயே வந்து சேர்ந்ததன் மற்றொரு விளைவை முன்பு எவரும் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. நீட்சியாக இருந்தவரை, வேண்டியவர் மட்டுமே தேடி நிறுவிக்கொண்டார்கள். இப்போது அது எல்லாருடைய கணினியிலும் இருக்கிறது. பிறர் கணக்கைத் திறந்து பார்க்கும் ரகசியம் இது என்று ஆசைகாட்டி, ஒரு நிரல் துண்டைக் கன்சோலில் ஒட்டும்படி அறியாதவர்களைத் தூண்டி, அவர்கள் கணக்கையே பறிக்கும் வஞ்சனை பரவியது. ஃபேஸ்புக் தன் பக்கத்தின் கன்சோலில், நில் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, இது நிரலாளர்களுக்கு உரிய இடம் என்று எச்சரிக்கை எழுதி வைத்தது. பின்னர் ஃபயர்ஃபாக்ஸும், அதன்பின் குரோமும், முதல் முறையாகக் கன்சோலில் எதையேனும் ஒட்ட முயல்பவரை நிறுத்தி, அலவ் பேஸ்டிங் என்று கைப்படத் தட்டிய பிறகே அனுமதிக்கின்றன. அனுபவசாலிகள் முணுமுணுக்கிறார்கள். தட்டுவதற்கு ஆகும் சில நொடிகளில் ஒருவராவது யோசித்து நிற்பாரானால் அந்த முணுமுணுப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன்.